லந்தோனியின் நெல்லிக்காய்

அரிசி களைந்த தண்ணீரை லந்தோனி கீழே கொட்டுவதில்லை. முதல் கழுநீர் சாக்கடைக்கு. இரண்டாவது கழுநீரை அலுமினியக் குண்டானில் பிடித்து, இரண்டு கை தவிடு போட்டு, கட்டியில்லாமல் விரலால் கரைத்து, கடைக்குப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போவாள். முன்பக்கம் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். யாராவது தட்டைத் தட்டினால் உள்ளிருந்தே குரல் வரும்: "இரு. அவங்க முதல்ல குடிச்சு முடிக்கட்டும்."

'அவங்க' என்பது ஹெய்க்ரு. மெய்தெய் மொழியில் நெல்லிக்காய். காய்ந்த வைக்கோல் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை, பிடரியிலிருந்து வால்வரை முதுகில் கறுத்த கோடு. முதுகு என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வரும். மணிப்புரி மட்டக்குதிரை அதற்குமேல் வளராது. லந்தோனிக்கு வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் 'வா, போ'தான். ஓய்வுபெற்ற தாசில்தார்கூடத் தப்பவில்லை. குதிரைக்கு மட்டும் 'வாங்க, போங்க'. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "குதிரைக்கெல்லாம் சாமி மார்ஜிங். இவங்க அவரோட சொத்து. நாம புல்லு போடற ஆளுங்க. எஜமான் வீட்டுப் பிள்ளைய யாராவது வாடி போடின்னு கூப்பிடுவாங்களா?" என்றாள்.

நான் பர்மா எல்லையில், மோரேயில் பிறந்த தமிழன். இம்பாலில் அவள் கடைக்கு எதிரே மருந்துக்கடை வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஹெய்க்ரு அந்த வீட்டுக்கு வந்த கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஒரு மழைக்காலத்தில், லாம்பேல் சதுப்பில் மேய்ந்துவிட்டுச் சாலைக்கு ஏறிய குதிரையை ஏதோ சரக்கு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. இடது பின்னங்காலில் முட்டிக்குக் கீழே தோல் கிழிந்து தொங்கியது. மூன்று நாள் வாய்க்கால் ஓரம் அப்படியே நின்றது. குதிரையின் சொந்தக்காரர் வந்து பார்த்தார், பிழைக்காது என்றார், முடிந்தால் நீயே பிழைக்க வைத்துக்கொள் என்று லந்தோனியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் நேராக என் கடைக்கு வந்து, புண்ணுக்கு என்னவெல்லாம் இருக்கிறதோ எல்லாம் கொடு என்றாள். யாருக்கு என்றேன். "வீட்டுல ஒரு ஆளுக்கு," என்றாள். குதிரை அப்போது இன்னும் வாய்க்கால் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

நாலு மாதம் மஞ்சளும் களிம்பும். தினமும் காலையில் சதுப்புக்கு நடத்திப் போய், முழங்கால் ஆழத் தண்ணீரில் அரைமணி நிற்க வைப்பாள். தானும் கூடவே நிற்பாள். ஒரு வருஷம் யாரையும் ஏற விடவில்லை. ஏறின முதல் ஆளும் அவள்தான், முப்பத்தெட்டாம் வயதில், மகளின் பள்ளிக்கூடக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு. இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை போலோ மைதானத்தைச் சுற்றி வந்து என் கடை முன்னால் நிறுத்தி, தலைவலி மாத்திரை கேட்டாள். இறங்காமலே வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் கணவர் இபோசோவ் மின்சாரத்துறை லைன்மேன். புயலில் கம்பம் ஏறுகிறவர், ஹெய்க்ருமேல் ஏறினால் மட்டும் முகம் வெளுத்துவிடும். "கம்பம் நகராது. இது நகருதே," என்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரையும் ஏற்றி, தெருமுனைவரை ஒரு நடை விடுவாள். அவருடைய நீளக் கால்கள் ஏறக்குறையத் தரையைத் தொடும். குதிரையில் போகிறாரா, குதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறாரா என்று தெருவே கேட்கும். மகள் தபல்லெய் கதை வேறு. பதிமூன்று வயதில் சேணம் இல்லாமல் ஏறியவள், பதினெட்டில் மாநிலப் பெண்கள் போலோ அணியில் இருந்தாள். குச்சியைச் சுழற்றும் வேகத்தில் அவளுக்கு ஈடு இல்லை என்பார்கள். லந்தோனியிடம் சொன்னால், "அவ கை நல்ல கைதான். ஆனா பந்துகிட்ட கொண்டுபோய் விடறது யாரு?" என்பாள்.

போன ஜனவரியில் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்தது. வந்த அணிக்கும் இங்கத்துக் குதிரைகள்தான். எல்லாக் குதிரைகளின் பெயரையும் சீட்டு எழுதிப் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அணியும் மாறி மாறி எடுப்பார்கள். இறுதி ஆட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு முன்னால் இரண்டு கோலுக்கு இரண்டு. அப்போது எடுத்த சீட்டில் ஹெய்க்ரு கண்டேலா என்ற அர்ஜென்டினாப் பெண்ணுக்குப் போனது. தபல்லெய்க்கு முரட்டுக் கறுப்புக் குதிரை ஒன்று. கண்டேலா ஹெய்க்ருவைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். தன் கூட்டாளியிடம் கையைத் தன் இடுப்பருகே காட்டிச் சிரித்தாள். லந்தோனி அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றைத் தாண்டி நேரே அந்தப் பெண்ணிடம் போனாள். பேச மொழி இல்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"இவகிட்டச் சொல்லு. வேகத்துல இடது பக்கம் சட்டுனு திருப்பக் கூடாது, கால் தாங்காது. அப்புறம், கடிவாளத்த இழுத்துப் பிடிக்கக் கூடாது. தளர விட்டா இவங்களே பந்த தேடிப் போவாங்க."

தபல்லெய் அம்மாவையே பார்த்தாள். "இமா, நான் இவளுக்கு எதிரா ஆடறேன்."

"தெரியும்."

"இதச் சொன்னா நாம தோத்துடுவோம்."

"சொல்லாம ஜெயிச்சா அந்தக் கால் போயிடும். சொல்லு."

மகள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். கண்டேலா தலையாட்டினாள். தபல்லெய் தன் குதிரைக்குத் திரும்பினாள். லந்தோனிக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் மகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் ரெண்டு சொன்னேன். நீ ஒண்ணுதான் சொன்னே."

கடிவாளத்தை இழுத்தால் காலுக்கு ஒன்றும் ஆகாது, அது ஆட்ட ரகசியம் மட்டும்தான், அதை எதற்குக் கொடுக்கணும் என்று தபல்லெய் முணுமுணுத்தாள். "இவங்களச் சின்னதுன்னு சிரிச்சாளே," என்றாள் லந்தோனி. "எவ்வளவு பெரியவங்கன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?" மகள் திரும்பிப் போய் இரண்டாவதையும் சொன்னாள்.

அந்தச் சுற்றில் நாலு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. கண்டேலா பழக்கதோஷத்தில் கடிவாளத்தை இழுத்துக்கொண்டே இருந்தாள். ஹெய்க்ரு கழுத்தை வளைத்துக்கொண்டு நின்று நின்று போனது. கூட்டம் கேலி செய்தது. பிறகு எதிர்முனையில் பந்து தனியாக உருண்டது. கண்டேலாவின் கை தளர்ந்ததை நான் கூட்டத்தில் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கிளம்பியது. தபல்லெய் கறுப்புக் குதிரையைக் குறுக்கே விரட்டிவந்து பக்கவாட்டில் சேர்ந்தாள். தோளோடு தோள் இடித்து வழியிலிருந்து தள்ளுவது முறையான ஆட்டம்தான். கறுப்பு ஹெய்க்ருவைவிட ஒரு சாண் உயரம். ஆனால் ஹெய்க்ரு தோளைத் தாழ்த்திக் கொடுத்த இடியில் அதுதான் விலகிப் போனது. கண்டேலா குச்சியை வீசினாள். மூன்றுக்கு இரண்டு.

மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கைதட்டுவது கேட்டது. மனைவி புடவைத் தலைப்பு மாதிரிப் போர்த்தியிருந்த துண்டை இபோசோவ் பிடித்து இழுத்து, "தபல்லெயோட அம்மா, போதும், ஜனங்க பாக்கறாங்க," என்றார். "பாக்கட்டும். யாருக்குத் தட்டறேன்னு அவங்களுக்கும் தெரியும்," என்றாள். ஒப்புக்குக்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

மிச்ச நிமிஷங்களில் வேறு கோல் விழவில்லை; கோப்பை விமானம் ஏறும் என்று முடிவாகிவிட்டது. தபல்லெய் அன்று அம்மாவிடம் பேசவில்லை. ஆனால் உடை மாற்றுவதற்கு முன்பே குனிந்து, ஹெய்க்ருவின் இடது பின்னங்காலை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். "சூடு இல்ல," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் கண்டேலா கடைக்கு வந்தாள், ஊருக்குக் கிளம்புமுன் குதிரையைப் பார்க்க. பெஞ்சில் இடம் இல்லை. முதல் நாள் முழுக்க லந்தோனியைத் திட்டித் தீர்த்த அதே ஆட்கள் ஈரோம்பா என்கிற காரமான காய் மசியலும் மீன் குழம்புமாகப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஊரை விட்டுக்கொடுத்த கை என்று ஒருவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார். நகர்ந்து கண்டேலாவுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் கையாலேயே சாப்பிட்டாள். காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தபல்லெயைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றாள் லந்தோனி, கரண்டியோடு.

தபல்லெய் பரிமாறிக்கொண்டே, குரல் எழும்பாமல், சொன்னாள். பதினெட்டு வருஷமாகக் குதிரை ஓட்டுகிறாளாம். உயரமான, பெரிய விலைக் குதிரைகள். எல்லாம் அவள் சொன்னதைச் செய்த குதிரைகளாம். தான் யோசிக்குமுன்னே பந்தைப் பற்றி யோசித்த குதிரை இது ஒன்றுதானாம்.

"சரியா காதுல விழல," என்றாள் லந்தோனி.

மகள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

மூன்று அடுப்பும் இரைந்துகொண்டிருந்தன. ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு, ஒன்றில் எண்ணெய். லந்தோனி எட்டி ஒவ்வொன்றாக மூன்றையும் அணைத்தாள். கடை நிசப்தமானது. பெஞ்சில் இருந்தவர்கள் வாயில் கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இப்ப சொல்லு," என்றாள்.