உப்புச் சாக்கும் தம்பையா மாஸ்டரும்

கருவாட்டுச் சிப்பத்தைப் பிரித்து நிறுத்துக்கொண்டிருந்தேன். கடைவாசலில் எங்கள் ஜீப் வந்து நின்றது. டிரைவர் சன்னாசி எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தான். எண்ணெய் வீணாகும் என்று என்னைவிடக் கவலைப்படுகிறவன் அவன். ஏதோ நடந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

“முதலாளி, ஐயா போயிட்டாருங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாராம். அப்படியே...”

சன்னாசி ‘ஐயா’ என்று சொல்வது உலகத்தில் ஒருவரைத்தான். பதுளையில் கராஜ் வைத்திருந்த தம்பையா மாஸ்டர் அவர்களை. தராசுத் தட்டில் கிடந்த கருவாட்டை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டேன். வாங்க வந்த அம்மா, “போயிட்டு வாங்க நானா, நான் காத்திருக்கேன்” என்றார். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மகன் ஓட்டுகிற லொறியும் மாஸ்டர் கைபட்டதுதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று எண்ணிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வாலிப வயதில் பதுளைக்கு வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாக வாகனம் திருத்தும் இடம் போட்டவர். வெள்ளைச் சட்டையோடு கராஜுக்கு வந்து, மாலையில் அதே வெள்ளையோடு வீடு திரும்பக்கூடிய ஒரே மெக்கானிக் அவர்தான். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் ஊர் அவருக்கு மாஸ்டர் பட்டம் கட்டியிருக்க வேண்டும்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். தலையில் துணி மூட்டை சுமந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி வியாபாரம் செய்தவன் நான். அறுபதுகளின் கடைசியில் பசாரில் கடை போட்டு, பழைய ஜீப் ஒன்றும் வாங்கினேன். அதன் பிரேக்கைக் காட்ட அவரிடம் கொண்டுபோனேன். வாசலிலேயே மறித்தார். ‘கழுவிய வாகனங்கள் மட்டும் உள்ளே எடுக்கப்படும்’ என்று பலகையில் எழுதித் தொங்கியது.

“எழுத்து வாசிப்பீரோ, நானா?”

“வாசிப்பேன் மாஸ்டர். ஆனா பிரேக் இல்லாத வண்டிய ஆத்துக்குக் கொண்டுபோய்க் கழுவச் சொல்றீங்க. ஆத்துக்குள்ளேயே போயிட்டா?”

ஒரு கணம் யோசித்தார். பிறகு தாமே வாளியில் தண்ணீர் எடுத்து வந்து வாசலில் வைத்தே கழுவினார். சட்டத்தையும் விடவில்லை, வந்தவனையும் விடவில்லை. இந்த மனிதரோடு வியாபாரம் செய்யலாம் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

என் கடைக்குச் சட்டை வாங்க வந்தால் உள்பக்கத்தை வெளியே புரட்டித் தையலைப் பார்ப்பார். “மேலுக்கு எல்லாச் சட்டையும் வடிவுதான்” என்பார். பத்து வருஷத்துக்கு மேலாக என்னிடம் வாங்கினார். ஒரு தடவைகூட நான் சொன்னதை நம்பி வாங்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. நானும் அப்படித்தான் கொள்முதல் செய்கிறேன்.

அவருக்குப் பயம் என்று ஒன்று இருந்தது. அது அட்டைப் பயம். வறண்ட மண்ணில் வளர்ந்தவர் அல்லவா, மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கமே தலைவைக்க மாட்டார். எந்தத் தோட்டத்து வண்டியானாலும் பதுளைக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும். “அட்டை என்ன மாஸ்டர், ஒரு துளி ரத்தந்தானே?” என்று கேட்டால், “நீர் வேணுமெண்டால் உம்மட ரத்தத்தைக் குடும். எனக்கு என்ர ரத்தம் வேணும்” என்பார்.

அந்தப் பயந்தான் ஒருமுறை ஒரு மனிதனின் பிழைப்பைக் காப்பாற்றியது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த அஞ்சலி முடியாது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம், மலை உச்சியிலுள்ள ஒரு தோட்ட டிவிஷனுக்கு அரிசியும் சாமான்களும் ஏற்றுவது என் ஜீப். செங்குத்துப் பாதை. மழை நாளில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். அதற்காகச் சாரதிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளினால் முன்சக்கரங்களுக்கும் இழுவை போகும். ‘ஃபோர் வீல் போடுவது’ என்போம். அந்த வருஷ மழையில் அந்த லீவர் தன்பாட்டுக்குக் கழன்று பின்னுக்கு வரத் தொடங்கியது. ஒரு நாள் கழலும், மறுநாள் கழலாது. கழன்ற இடத்தில் பின்சக்கரம் சேற்றில் சுழன்று, வண்டி வழுக்கிக்கொண்டு கீழே வரும். ஒரு தடவை பின்னுக்கு உருண்டு, அரிசி மூட்டை தேயிலைச் செடிக்குள் விழுந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், “சன்னாசி அண்ணே, தேயிலைக்கு இப்ப அரிசியா உரம் போடுறீங்க?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. “அவனுக்கு லீவர் போடத் தெரியல்ல. டிரைவரை மாத்துங்க. இல்லாட்டி நாங்க வேற கடையைப் பார்க்கிறோம்” என்று சொல்லி அனுப்பினார். பசாரில் இன்னொரு மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் பிழையில்லை, கையில்தான் பிழை என்றார். நான் வியாபாரி. எனக்கு ஓடுகிற வண்டி வேண்டும். சன்னாசியைக் கூப்பிட்டு நிலைமையை மறைக்காமல் சொன்னேன்.

அவன் அழவில்லை. “எங்க லயத்துல லைசன் எடுத்தவன் நான் ஒருத்தந்தாங்க. இனிப் போய் விடியக்காலம் தோட்ட வேலைக்குப் பெரட்டுல பேர் குடுத்துட்டு நின்னா, கங்காணி கேப்பாரு, என்னா தொரை, கார் எங்கன்னு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஐயாகிட்டக் காட்டிட்டு முடிவு பண்ணுங்க முதலாளி.”

காட்டினோம். ஒரு தடவையல்ல, பல தடவை. சன்னாசி ஒவ்வொரு முறையும் ஜீப்பைப் பளபளவென்று கழுவிக் கொண்டுபோவான். மாஸ்டர் அதை முட்டுக்கொடுத்து உயர்த்தி, லீவரைப் போட்டுப் பார்ப்பார். நாலு சக்கரமும் சுற்றும். கராஜுக்குப் பின்னாலுள்ள சேற்று மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். எருமை மாதிரி இழுக்கும். கடைசியில் கியர்ப்பெட்டியையே கழற்றி, லீவரைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங்கைக்கூட மாற்றினார். அடுத்த மழையில் மலையில் மறுபடி கழன்றது.

“ஐயாவக் கண்டா நல்ல புள்ளையாட்டம் நடிக்குதுங்க. மலைக்குப் போனா என்னையப் பழிவாங்குது” என்றான் சன்னாசி.

நான் கேட்டேன்: “மாஸ்டர், அப்ப கிளாக்கர் சொல்றது சரியோ? இவன் கையிலதான் பிழையோ? ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வார்த்தையை நான் எடுப்பேன்.”

சன்னாசி தலைகுனிந்து நின்றான். மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு அவன் வேலை போயிருக்கும். அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கும் தலைவலி தீர்ந்திருக்கும்.

“பழுதை நான் என்ர கண்ணால காணேல்லை, நானா. காணாத பழுதுக்கு ஆளைக் குற்றம் சொல்ல நான் என்ன சாத்திரக்காரனே?” என்றார். பிறகு கூரையில் கொட்டுகிற மழையை நெடுநேரம் பார்த்தார்.  “நாளைக்கு நானும் வாறன்.”

மறுநாள் அவர் வந்த கோலத்தைப் பார்த்துப் பசாரே வாசலுக்கு வந்துவிட்டது. முழங்கால் வரை காலுறை. அதற்கு மேல் காற்சட்டையைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். அதற்கு மேல் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசியிருந்தார். கையில் குடை. “மாஸ்டர், போருக்கா போறீங்க?” என்றார் எதிர்க்கடைக்காரர். “ஓம். திரும்பி வராட்டில் கராஜைப் பூட்டிப்போடும்” என்றார்.

ஜீப்பில் ஏறியதும் காலடியில் கிடந்ததைப் பார்த்தார். “இதென்ன?”

“உப்புச் சாக்குங்க ஐயா. மழை நாள்ல மடிச்சுப் போட்டுக்குவோம். அட்டை கிட்ட வராது.”

மாஸ்டர் முகத்தில் சூரியன் உதித்தது. “நல்ல காரியம். ஆனால் ஒண்டு காணாது. நானா, உம்மட கடையில இன்னொண்டு இருக்கோ?”

உப்பு வந்து இறங்கிய சாக்குக்கு என் கடையில் குறைவில்லை. இரண்டாவதையும் மடித்துப் போட்டு, இரு பக்கமும் நன்றாக அமுக்கிவிட்டு, கால்களை அதன்மேல் ராஜா மாதிரி வைத்துக்கொண்டார். நான் பின்னால் அரிசி மூட்டையின் மேல் ஏறிக்கொண்டேன்.

முதல் ஏற்றத்திலேயே லீவர் கழன்றது. திரும்பப் போட்டான். அடுத்த குலுக்கலில் கழன்றது. இன்னொரு முறை, இன்னொரு முறை. அதுவரை அவ்வப்போது வந்த வியாதி அன்றைக்கு அடிக்கொரு தரம் வந்தது. வண்டியை ஓரங்கட்டிக் கல் வைத்துவிட்டு சன்னாசி, “பாத்தீங்களா ஐயா! பாத்தீங்களா!” என்று குதித்தான். தன் வண்டி கெட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவரை நான் கண்டதில்லை.

“ஒண்டையும் தொடாதேயும்” என்றார் மாஸ்டர். தாமே லீவரைத் தள்ளினார். போயிற்று. கையை எடுத்தார். மெல்லத் திரும்பி வந்தது. இன்னும் ஒருமுறை தள்ளிக் காதைக் கொடுத்தார். “இரும்பு போய் இரும்பில விழுந்தால் டக்கெண்டு சத்தம் கேக்க வேணும். இது தலையணையில குத்தின மாதிரியெல்லே கிடக்கு.”

குனிந்து லீவரின் அடியில் விரலை விட்டார். மழையில் ஈரத்தை உறிஞ்சி, விரல் தடிப்புக்கு ஊதிப்போயிருந்த சாக்கு மடிப்பு அங்கே ஆப்புப் போல இறுகிக் கிடந்தது. லீவர் முழுதாக முன்னுக்குப் போக அது விடவில்லை. முக்கால்வாசியில் நின்ற லீவர் குலுக்கலில் கழன்றது. அன்றைக்கு மாஸ்டரின் பயத்தால் சாக்கு இரண்டு, அதனால்தான் அடிக்கொரு தரம் கழன்றது. வெயில் நாளில் சாக்கு காய்ந்து தட்டையாகிவிடும். வண்டியும் நல்ல பிள்ளையாகிவிடும்.

“சன்னாசி, என்னட்டை வரேக்க இந்தச் சாக்கு எங்க?”

“எடுத்து வச்சிட்டுத்தாங்க வருவேன். வண்டியக் கழுவணுமில்ல? ஐயாகிட்ட அழுக்குச் சாக்கோட வர முடியுங்களா?”

மாஸ்டர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். குடை கைநழுவிப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. “பலகை போட்டவன் நான், நானா! கழுவிக்கொண்டு வா, கழுவிக்கொண்டு வா எண்டு சொல்லிச் சொல்லிப் பழுதையும் கழுவிப்போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன்!”

சொன்னது சரிதானா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. சாக்கு இல்லாமல் உச்சிவரை ஏற வேண்டும். மாஸ்டர் இரண்டு சாக்கையும் தம் கையாலேயே உருவி என்னிடம் எறிந்தார். இரண்டு கால்களையும் தூக்கி முன்பலகையின் மேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, “எடும் வண்டியை” என்றார்.

உச்சிவரை லீவர் அசையவில்லை.

மேலே போய் இறங்கியபோது அவருடைய காலுறையில் ரத்தம். அத்தனை கட்டுக்காவலையும் தாண்டி ஓர் அட்டை குடித்துவிட்டுப் போயிருந்தது. சத்தம்போடுவார் என்று எண்ணினேன். அப்படியே நேராகப் பெரிய கிளாக்கரின் ஒபிஸுக்கு நடந்தார். “பிழை சாக்கில. ஆளில இல்லை. நான் இருந்து பார்த்தனான். இந்தா சாட்சி” என்று காலைக் காட்டினார். கிளாக்கர் சன்னாசிக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் முன் கத்தி வாங்கி, லீவர் வரும் இடத்தில் சாக்கைப் பிறைவடிவாக வெட்டிக் கொடுத்தார். இன்று அந்தப் பக்கத்து ஜீப் எதிலும் பாருங்கள், உப்புச் சாக்கில் பிறைவெட்டு இருக்கும். கராஜுப் பலகையிலும் மறுநாள் ஒரு வரி கூடியிருந்தது: ‘மலையில் மட்டும் பழுதுபடும் வாகனங்கள் கழுவாமல், சாக்கோடு வரவும்.’

அதற்குப் பிறகும் அட்டைப் பயம் போகவில்லை. ஆனால் கூப்பிட்டால் மழையிலும் வந்தார், குறைசொல்லிக்கொண்டே.

யாழ்ப்பாணத்திலிருந்து மகளும் மருமகனும் ரயிலில் வந்து சேர்ந்தார்கள். “அப்பா இஞ்சையே இருக்க விரும்பினவர்” என்றார் மகள். எரிக்கும் இடம் மேட்டில். அன்றும் மழை. சவப்பெட்டி ஏற்ற வாடகைக்குக் கொண்டுவந்த கார் சேற்றில் திணறியது. பெட்டியை எங்கள் ஜீப்பில் ஏற்ற முடிவாயிற்று.

நான் பின்பலகையைத் திறந்தபோது சன்னாசி அங்கே ஒரு உப்புச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர் ஒருவர் முகம் சுளித்து, நல்ல துணி ஒன்று போடக்கூடாதா என்று கேட்டார்.

“துணியும் போடலாங்க. ஆனா இது அடியில இருக்கட்டும்” என்றான் சன்னாசி. “ஐயாவுக்கு அட்டைன்னா ஆகாது.”

மகள் அழுதுகொண்டிருந்தவர், சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். மாஸ்டர் இருந்திருந்தால், இன்னொன்றும் போடச் சொல்லியிருப்பார். நான் போட்டேன்.

சன்னாசி ஏறி உட்கார்ந்து லீவரை முன்னுக்குத் தள்ளினான். டக்கென்று சத்தம் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. ஜீப் ஒரு தடவைகூடச் சறுக்காமல் மேடேறியது.

போய்வாரும் மாஸ்டர். பாதை சரியாக இருக்கிறது. நாங்கள் இருந்து பார்த்துத்தான் சொல்கிறோம்.