அவனே என்னிடம் சொன்னான்

ராகவனைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

வாய் தவறிச் சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவுமில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தின் அலுவலக அறையில், மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, தெரிந்தே சொன்னேன். இதை வாசிக்கும் நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்... இதுவும் ஒரு கோழைத்தனம்தானே?

நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவள். மணமாகாதவள். ஓய்வு கிடைக்கும்போது தமிழில் நாடகம் எழுதுவேன். ராகவன் போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தான். எங்கள் சிறிய நாடகக் குழுவில் அவனைப்போல் நடிக்க வேறு ஆளில்லை. வசனமே இல்லாமல் அவன் திரும்பிப் பார்த்தால்கூடச் சபை அடங்கிவிடும்.

ஓர் அயர்லாந்து நாடகாசிரியரின் வாழ்க்கையை மேடையேற்றலாம் என்று சொன்னவன் அவன்தான். டப்ளினில் பிறந்து லண்டன் முழுவதையும் சிரிக்கவைத்த மனிதர். இன்னோர் ஆணை நேசித்ததற்காகச் சிறைக்குப் போனவர். அவருடைய நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே அரங்க வாசலில் அவர் பெயரை மட்டும் மறைத்தார்கள். மனைவி தன் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் மாற்றிக்கொண்டாள். விடுதலையான பிறகு பாரிஸில், வாடகை கொடுக்க வழியில்லாத ஒரு விடுதி அறையில் அவர் உயிர் போயிற்று. நான் அவருடைய நாடகத்தை வகுப்பில் நடத்தியவள். வசனங்களைச் சொல்லிச் சொல்லி ரசிப்பேன். வாழ்க்கையை மட்டும் இரண்டு வாக்கியத்தில் தாண்டிவிடுவேன்.

“இத நம்ம தமிழ்ல போடணும்க்கா. நீங்க எழுதுங்க, நான் செய்றேன்,” என்றான்.

எழுதினேன். பாதி எழுதியிருந்தபோது ஒருநாள் இருவரும் கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் சன்னலைப் பார்த்தபடியே தன்னைப் பற்றிச் சொன்னான். தானும் அந்த மனிதரைப் போலத்தான் என்றான். அம்மாவுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்வரை விடவில்லை. அந்த நேரத்தில் நான் உண்மையாகத்தான் இருந்தேன்... அதை மட்டும் நம்புங்கள்.

ஒத்திகைக்கு எங்களுக்கு மண்டபத்தை இலவசமாகத் தந்தவர் அதன் நிர்வாகத் தலைவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். பிரதியைப் படித்துவிட்டு, சிறைக்குப் போன காரணத்தை மட்டும் கொஞ்சம் மாற்றமுடியுமா என்று கேட்டார். மாற்றினேன். பிரபுக்களைக் கேலி செய்ததற்காகச் சிறை என்று எழுதிக்கொடுத்தேன். ராகவன் புதிய பக்கங்களை வாங்கிப் படித்தான். நாடகம் நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே அவன் என்னை விட்டு விலகத் தொடங்கியிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

மேடையேற்றம் நெருங்கியது. தலைவர் என்னை மட்டும் அலுவலக அறைக்கு அழைத்தார்.

“டீச்சர், ராகவனப் பத்தி ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. குடும்பம் குடும்பமா வர்ற எடம் இது. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உங்களுக்கு எதற்கு என்று கேட்டிருக்கலாம். அவர் முகத்திலேயே தயக்கம் இருந்தது. நான் மறுத்திருந்தால் அத்தோடு விட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி எனக்குக் கேட்டது. தெரிந்தேதான் அவனைக் குழுவில் வைத்திருக்கிறாயா? அப்படியானால் நீ யார்? என் பள்ளி, என் பெயர், கல்யாணம் ஆகாத என் வயது... எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து நின்றன.

“ஆமா. அவனே எங்கிட்ட சொன்னான். எனக்கே அதிர்ச்சியா போச்சு.”

கடைசி வாக்கியம் பொய். எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. அவனிடமிருந்து என்னை ஒதுக்கி நிறுத்திக்கொள்ள அந்தப் பொய் எனக்குத் தேவைப்பட்டது.

அவனை நாடகத்திலிருந்து நீக்கினார்கள். அதை அவனிடம் சொல்லும் வேலையையும் தலைவரிடமே விட்டுவிட்டேன். நிர்வாகத்தில் ராகவனின் தூரத்து உறவினர் ஒருவர் இருந்தார். செய்தி அவர் வழியாகக் கிள்ளானிலிருந்த அவன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. டீச்சரே சொன்னாராம் என்றுதான் போயிற்று. வேலை முடிந்து அவன் வீடு திரும்பியபோது துணிமணிகள் பைகளில் கட்டப்பட்டு வெளியே கிடந்தன. பூச்சோங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினான் என்று பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். நான் அழைத்து விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கு என்ன முகம் இருந்தது?

நாடகம் நடந்தது. ராகவனின் வேடத்தை வேறொருவர் ஏற்றார். கடைசிக் காட்சியில் நாடகாசிரியர் பாரிஸ் தெருவில் நடந்துவருகிறார். எதிரே வரும் பழைய நண்பர்கள் அவரைக் கண்டதும் மறுபக்கம் கடந்து போகிறார்கள். சபையில் பலர் அழுதார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்தபோது ராகவன் மாடிப்படியருகே நின்றிருந்தான். டிக்கெட் வாங்கி வந்து பார்த்திருக்கிறான்.

“கூட்டாளிங்க ஒதுங்கிப் போற எடம்... நல்லா எழுதியிருக்கீங்கக்கா,” என்றான்.

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அதற்குப் பின் நான் அவனைப் பார்க்கவில்லை.

இன்று அந்த நாடகாசிரியரின் கல்லறையை முத்தமிட உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கல் கெட்டுவிடக்கூடாது என்று கண்ணாடித் தடுப்பே வைத்துவிட்டார்களாம். காலம் அவருக்கு நீதி செய்துவிட்டது என்று வகுப்பில் சொல்கிறேன். அந்த நீதி அவருக்கு எதற்கு உதவியது? தெருவைக் கடந்து போனவர்கள் பிறகு எப்படி உண்டார்கள், எப்படி உறங்கினார்கள் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை... நன்றாகவே உண்டிருப்பார்கள். நானும் உண்டுகொண்டுதானே இருக்கிறேன்!

சென்ற மாதம் துணிந்து ராகவனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். தவறு முழுவதும் என்னுடையது, அவனை வீட்டுக்கு அழையுங்கள் என்று சொல்லத்தான் போனேன். கார் ஓட்டும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மாள் என்னைக் கண்டதும் மகிழ்ந்துபோனார். உட்காரச் சொல்லி, தேநீர் கலந்து, தட்டில் முறுக்கு வைத்துக் கொண்டுவந்தார். நான் வாயைத் திறக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க மட்டும் சொல்லலைன்னா, டீச்சர், நான் சாகுற வரைக்கும் ஏமாந்துக்கிட்டே இருந்திருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்.”

அந்தக் கையை நான் உதறவில்லை. இல்லையம்மா என்று ஒரு சொல்... அதுகூட வரவில்லை. அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அடிக்கடி வந்து போங்கள் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.