வயிற்றுவலிக்குப் பசை காரணமில்லை

"அடிவயித்து சமாச்சாரத்த புக்குல எழுதுவியா?" என்று, இதைப் பத்திரிகைக்கு எழுதப்போவதாகச் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்டார். எழுதத்தான் போகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இரண்டாவது பிறந்த பிறகு அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கும் வலி வந்து வந்து போனது. எங்கள் பிரிவில் யாருக்கு வயிறு வலித்தாலும் பசை வாசனைமேல்தான் பழி போடுவோம், அதை முறிக்கும் என்று வெல்லம் தின்போம். நானும் தின்றேன். பக்கத்து கிளினிக் டாக்டரும் என் வேலையைக் கேட்டார், ஆபரேஷனைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாயு மாத்திரை கொடுத்தார்.

ஒருநாள் வேலையிலேயே வயிறு பானையாக உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தேன்.

"இன்னாம்மா, லீவுக்கு டிராமாவா?" என்றார் சூப்பர்வைசர்.

பக்கத்தில் வேலை செய்யும் ஷகிலா, "உன் வூட்டுப் பொம்பளன்னா இப்டி பேசுவியா? ஆட்டோ கூப்புடுய்யா!" என்று கத்தி, என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே பெண் டாக்டர் முதலில் என் தழும்பைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்துவிட்டு, "தழும்பு உள்ளயும் இருக்கும்மா. அதுல குடல் ஒட்டி அடைச்சிருக்கு. லேட் பண்ணா அழுகிடும்" என்றார். அன்றே ஆபரேஷன் செய்து பிரித்தார்கள்.

மறுபடியும் ஒட்டலாமாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் ஆபரேஷன்களைத்தான் முதலில் சொல்கிறேன். வாயு என்றால், "குடல் ஒட்டலன்னு எப்டி சொல்றீங்க?" என்று கேட்கிறேன். முறைத்தால் முறைக்கட்டும். எங்கள் பிரிவில் எவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், "உனக்கு சிசேரியனாடீ?" என்று சத்தமாகவே கேட்கிறேன். கூச்சப்படும் ஆம்பளைகள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.