மூக்கைத் தூக்கிப் போன படகு

அத்தை படகு வாங்கப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராஜபாளையத்திலிருந்து கடல் எத்தனை மைல் என்று யாரையோ கேட்பது போலக் கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்த யாருக்கும் படகு வைத்திருக்கிற அத்தை கிடையாது. படகு வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, பள்ளிக்கூடத்தில் நான் அதில் மூன்று தடவை போய்வந்தாயிற்று. ஒரு தடவை முதலைகூட வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்து, திருவில்லிபுத்தூரைத் தாண்டி சுந்தரபாண்டியம் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். அந்த வருடம் கண்மாயின் மீன் குத்தகை முதல்முறையாக மகளிர் குழுவுக்குக் கிடைத்திருந்தது. அத்தைதான் குழுத் தலைவி. அதுவரை குத்தகை எடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள். லாரி டியூபில் காற்றடித்து, மேலே பலகை கட்டி, அதில் உட்கார்ந்து காலால் துழாவிக்கொண்டே போய் வலை எடுப்பார்கள். சேலை கட்டிய பெண்கள் அதில் எப்படி உட்காருவது? இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே குழுவில் பாதிப் பேர் நழுவப் பார்த்தார்கள். முதல் மீன்பிடி சொதப்பினால் குழு கலைந்துவிடும், கண்மாய் பழைய ஆட்களிடமே போய்விடும். அதனால்தான் படகு, அதுவும் பிளாஸ்டிக் படகு.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க அத்தை ஒருநாள் நேரிலேயே வந்தாள். மரப்படகு என்றால் தார் பூச வேண்டும், வெயிலில் வெடிக்கும், மழையில் உளுத்துப்போகும், கரையேற்ற ஆறு பேர் வேண்டும் என்று அடுக்கினாள். இது உளுக்காதாம், துருப்பிடிக்காதாம், இரண்டு பெண்கள் சேர்ந்தால் தூக்கிவிடலாமாம்.

"ரெண்டு பொம்பளையாளு தூக்கலாம்னா ரெண்டு களவாணியும் தூக்கலாம்லா?" என்றார் அப்பா.

எனக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. காற்றடித்தால் காகிதம் போல இழுத்துக்கொண்டு போகும், உடைந்தால் எந்த ஆசாரியும் கை வைக்க மாட்டான், வெயிலில் உட்கார்ந்தால் தோசைக்கல்லாகச் சுடும் என்று அவரும் சளைக்காமல் சொன்னார். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் நான் சாய்ந்துகொண்டிருந்தேன். கடைசியில் அத்தை எழுந்து கொசுவத்தை உதறிக்கொண்டு, "அண்ணே, ஞாயித்துக்கெழம வந்து கண்ணால பாருங்க. பொறவு பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு கேரளாவிலிருந்து செங்கோட்டை வழியாகக் குட்டியானை வண்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. நல்ல மஞ்சள் நிறம். அப்பா டிரைவர் பக்கத்தில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் யாரையும் கேட்காமல் பின்னால் ஏறிப் படகுக்குள் உட்கார்ந்துகொண்டேன். சப்பரத்தில் வரும் சாமிக்குக்கூட அப்படி ஒரு மிதப்பு இருந்திருக்காது. திருவில்லிபுத்தூரில் வண்டி நெரிசலில் நின்றபோது டீக்கடைக்காரர் ஒருவர் தண்ணித் தொட்டியா என்று கேட்டார். படகு என்று கத்தினேன். அவர் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

கண்மாய்க் கரையில் குழுப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். மீன் வாங்க வந்தவரின் ஐஸ் பெட்டி வண்டியும் நின்றது. முந்தின நாளே மாமா, அத்தையின் வீட்டுக்காரர், டியூபில் போய் இரண்டு வலைகளைக் கட்டிவிட்டு வந்திருந்தார். கரையோரம் ஒன்று, நடுக்கண்மாயில் பெரியது ஒன்று. இனிப் படகில் போய் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் புது வண்டிக்குப் பூஜை போடாமல் எப்படி? எங்கள் பக்கத்தில் சைக்கிளுக்குக்கூட உண்டு. யாரோ பழக்க தோஷத்தில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டார்கள். சக்கரம் இல்லாத வண்டிக்கு அதை எங்கே வைப்பது என்று செத்த நேரம் பேச்சு ஓடியது. கடைசியில் படகின் அடியில் வைத்து, அதன்மேல் இழுத்து நசுக்கினார்கள். தேங்காய் உடைந்தது. சூடத்தட்டில் மட்டும் காற்று தீயை நிற்கவிடவில்லை. நான்தான் அந்த அறிவாளித்தனமான காரியத்தைச் செய்தேன். படகின் மூக்குக்குள் காற்றுப் படாத மூலை ஒன்று இருந்தது. சூடப் பாக்கெட்டை அதில் முழுதாகக் கொட்டிப் பற்ற வைத்தேன். குபுகுபுவென்று எரிந்தது. பெண்கள் குலவையிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கெட்டிக்காரி என்று ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

தீ அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே வெளியே தரை தெரிந்தது.

கையில் கிடைத்த சந்தனத்தை எல்லாம் அதன்மேல் அப்பிக் குங்குமம் வைத்தேன். அதற்குள் அத்தையும் இரண்டு பெண்களும் ஏறி, படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. மீன் ஏறாதவரை ஓட்டை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. கரையோர வலையைத் தூக்கியதும் மீன்கள் வெள்ளியாகத் துள்ளின. கட்லா ஒன்று என் தம்பி உயரம் இருக்கும். நானும் துள்ளினேன். பிறகுதான் கவனித்தேன், மீன் ஏற ஏறப் படகின் மூக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அவர்கள் கரைக்குத் திரும்பியபோது ஓட்டைக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. சந்தனமும் கரைந்து போயிருந்தது. சின்ன வலைக்கே இப்படி என்றால் பெரிய வலைக்கு என்ன ஆகும்?

மீனை இறக்கிக்கொண்டிருந்த அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்து, காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேற யாருகிட்டயும் சொன்னியாட்டி?"

"இல்ல அத்தை."

"சொல்லாத. சொன்னா ஒருத்தியும் ஏற மாட்டாளுவ."

அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் மூக்குத் துடைப்பது முதல் காப்பி வடிகட்டுவது வரை எல்லாம் அந்தக் கழிவுத் துணியில்தான். என் கையில் இருந்த அப்படி ஒரு துணியை வாங்கிச் சுருட்டி, அத்தை ஓட்டையில் திணித்தாள். படகுக்குக் கட்டுப் போட்டாயிற்று என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பியை வடியவிடுகிற துணி கண்மாயை நிறுத்தி வைக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை ஒரு பெண்ணை இறக்கிவிட்டு, கண்மாய்த் தண்ணீரிலேயே ஊறி வளர்ந்தவள் என்று ஊரே சொல்லும் இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"எல்லாரும் பின்னால உக்காருங்கடி! மீனையும் பின்னாலதான் போடணும். மூக்கு தூக்கி நிக்கணும். பிளாஸ்டிக் படகு ஓட்டுற மொறையே அதுதான்!"

"எம்புட்டு வெவரம் பாரு" என்றாள் கன்னத்தைக் கிள்ளிய பெரியம்மா.

படகு மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நடுக்கண்மாய்க்குப் போனது. காற்று கிளம்பி, அப்பா சொன்னபடியே அதை அங்கும் இங்கும் அலைக்கழித்தது. வலை மேலே வர வரக் கரையில் குலவை எழுந்தது. அப்பாகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். நான் குதித்துக் குதித்துக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. பின்பக்கம் மீன் குவிந்து, படகின் விளிம்பு தண்ணீரைத் தொடுவதும் விலகுவதுமாக, மெதுவாக, மிக மெதுவாகக் கரைக்கு வந்து சேர்ந்தது. ஐஸ் பெட்டி நிரம்பி, மிச்ச மீனுக்குச் சாக்கு தேடினார்கள். நழுவப் பார்த்த பெண்கள் எல்லாம் அடுத்த வாரம் யார் ஏறுவது என்று அங்கேயே சண்டை பிடித்தார்கள்.

தண்ணித் தொட்டி ஒட்டுகிற ஒருவர் பிறகு அந்த ஓட்டையைச் சூடு வைத்து அடைத்துக் கொடுத்தார். எலி கடித்துவிட்டது என்று அத்தை சொல்லியிருந்தாள். குத்தகை குழுவிடமே நிலைத்தது. பிளாஸ்டிக் படகின் குறைகளைச் சொல்லும்போது அப்பா புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார், மூக்கைத் தூக்கித்தான் ஓட்ட வேண்டும் என்று. எனக்குச் சிரிப்பாக வரும். எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது, அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன வருடம் என் மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்த அன்று அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லாப் படிச்சுக்க தாயி. எனக்குக் கடைசி வரைக்கும் நீச்சல் வரவே இல்ல. தண்ணி இடுப்பத் தாண்டுனா இன்னிக்கும் மூச்சு முட்டும்" என்றாள்.

நடுக்கண்மாயில், நிறைந்துகொண்டே வந்த படகில் அவள் உட்கார்ந்திருக்க, "பத்தாது அத்தை, இன்னும் போடுங்க, இன்னும் போடுங்க" என்று கரையில் நின்று கத்தியவள் நான்தான்.