சூடேற்றிய கை

அடி அண்ணாமலையிலிருந்து கிளம்பி, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் சிக்கித் தாமதமாகத்தான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நரைமீசை வைத்த அந்தக் குட்டையான சர்ஜன், உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அப்பாவின் வயிற்றைத் தொட்டார்.

"சில்லுனு கை பட்டா வயிறு இறுகிடும்மா" என்றார் என்னிடம்.

"வாயுப்பிடிப்புனு சோடா குடுத்தோம் சார்."

"வயிறு மெத்துனு இருக்கு, வலி மட்டும் இவ்ளோ ஜாஸ்தி. அதான் பயமா இருக்கு. குடலுக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும். உடனே திறந்து பாக்கணும்."

ஆபரேஷன் முடிந்து சீக்கிரமே வெளியே வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"குடல் முழுக்கக் கறுத்துப்போச்சும்மா. வெட்டி எடுத்தா மிச்சமே இருக்காது. அப்படியே மூடிட்டேன்."

மறுநாள் அப்பா இறந்ததும் அவர் வந்தார். திறந்திருந்த கண்களை மூடக் கையை நீட்டியவர், சட்டென்று நிறுத்தினார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் தொட்டார்.