பலாமரக் கணினி

பதிகம் பாடி முடித்துத் திருநீறு பூசிக்கொள்ளும் வேளையில் என் நாவின்மேல் எனக்கே ஓர் ஐயம் எழுவதுண்டு. இறைவன் புகழை எழுத்துப் பிசகாமல் சொல்லும் இதே நா, என் ஒன்பதாவது வயதில் ஒரு நாள், பாடிய ஈரம் உலர்வதற்குள் ஒரு பொய்யையும் சொல்லிற்று. பாட்டுக்கு, வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பொய்யின் பொருட்டு ஒருவர் மலையை விட்டே இறங்கிப் போனார். அவர் என் சித்தப்பா.

கொல்லிமலையில் எங்கள் எடப்புளி நாட்டுப் பிள்ளைகள் கணினியைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கண்டிருந்த காலம் அது. சித்தப்பா நாமக்கல்லில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி படித்தவர். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் ஏறி, மொழி தெரியாத வடக்கு மாநிலங்களில் ஆறு மாதம் அலைந்துவிட்டு வந்தார். வந்தபோது உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன. யாராவது கதவைப் பட்டென்று சாத்தினால் உண்ணுகிற சோற்றை விட்டு எழுந்துவிடுவார். மறுபடி ரிக்குக்குப் போக மாட்டேன் என்று அவர் சொன்னதை, அப்பாவைப் பெற்றவராகிய எங்கள் அப்பாரு காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மிளகுக் கொடியையும் சாமைக் காட்டையும் பார்க்க என் அப்பா ஒருவர் போதும், இளையவன் கீழே போய்ப் பிழைக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு.

அந்தச் சமயத்தில் பயிற்சி நிலையத்தார் பழைய கணினி ஒன்றைக் கழித்தார்கள். அதன் இரும்புப் பெட்டி துருவேறி உதிர்ந்துவிட்டிருந்தது. உள்ளிருந்த பலகைகளையும் கம்பிகளையும் மட்டும் சித்தப்பா கேட்டு வாங்கி, கம்பளியில் சுற்றி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுவந்தார். திரையை அடுத்த வாரம் கொண்டுவந்தார். பள்ளித் தலைமையாசிரியர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். பெட்டி ஓடுமானால் பள்ளியில் ஓர் அறை ஒதுக்குவதாகவும், சித்தப்பாவே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்றும் அவர் வாக்களித்தார். அப்பாரு இதற்கு ஒரு கெடு வைத்தார்.

"வாத்தியாரு வந்து பாக்கற அன்னிக்கி ஓடுச்சுன்னா இங்கயே இரு. ஓடலீன்னா ரிக்கு வண்டிக்குப் போயிரோணும். அப்பறம் ஒரு பேச்சு இருக்கப்படாது."

சித்தப்பா தலையசைத்தார். மறுநாளே காற்றில் சாய்ந்து கிடந்த பலாமரத்தை அறுக்கத் தொடங்கினார்.

பலாமரத்தில் பெட்டி உருவான அந்த இரண்டு மாதங்களை நான் இன்றும் ஒரு கோயில் எழுந்த காலம் போலவே நினைக்கிறேன். இழைப்புளி பட்டதும் பலகை மஞ்சளாய்ச் சிரிக்கும். ஆணி அடிக்காமல் பொருத்துக் கூட்டி இறுக்கினார். அடியில் மூங்கிற் கால்கள். கணினியை முடுக்கும் பொத்தானைத் தேங்காய்ச் சிரட்டையில் தேய்த்தெடுத்தார். விசைப்பலகையில் ஆறு எழுத்துக்கட்டைகள் காணாமற் போயிருந்தன. அவற்றை மரத்தில் செதுக்கி, தீக்குச்சி முனையால் எழுத்து எழுதும் பணியை எனக்குக் கொடுத்தார். வண்ணம் முழுதும் என் பொறுப்பு. வீட்டுக் கதவுக்குப் பூசி மீந்த நீலப் பெயிண்ட் ஒரு டப்பா இருந்தது. நஞ்சுண்டவனின் கண்டத்து நிறம் அது என்று சொல்லி, பெட்டிக்கும் திரையின் விளிம்புக்கும் மவுசுக்கும் நான் அதையே பூசினேன். இடப்பக்கத்தில் ஒரு மயிலும் எழுதினேன்.

அப்பாரு வந்து பார்த்தார்.

"கோழி நல்லா இருக்குது கண்ணு."

"மயிலுங்க அப்பாரு!"

"முட்டையும் ரெண்டு போட்டு உடு. ஓடலீன்னா பொட்டிய அடைகாக்க வெக்கலாம்."

சித்தப்பா சிரித்தார். அந்த இரண்டு மாதங்களில் அவர் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

பின்பக்கப் பலகையில் நாற்பது துளைகள் வேண்டும் என்றார். நான் கோலப் புள்ளிபோல் வரிசை பிசகாமல் சுண்ணாம்பில் புள்ளி வைத்தேன். அவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒவ்வொன்றாய்த் துளைத்தார். அவை எதற்கென்று நான் கேட்கவில்லை. என் கோலத்தின் அழகுக்காகவே இட்ட துளைகள் என்று எண்ணிக்கொண்டேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று: "ஈரம் மட்டும் உள்ள போயிரப்படாது சாமி. போச்சுன்னா செத்துப்போயிரும்."

இந்தச் சொல் எனக்குப் புதிதன்று. அடுத்த விதைப்புக்கு எடுத்துவைத்த சாமை விதையைக் காய்ந்த சுரைக்குடுவையில் நிரப்பும்போது அம்மாவும் இதையேதான் சொல்வாள். எங்கள் மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் கதவைத் தட்டுவதில்லை. நேரே உள்ளே வந்துவிடும். ஆகவே விதைக்குடுவையின் வாயையும், பூச்சி துளைத்த ஓட்டைகளையும் தேன்மெழுகால் அடைத்துவிடுவோம். அடைத்தால் விதை பிழைக்கும். எங்கள் வீட்டுக் குழந்தை எதுவானாலும் அறியும் பாடம் அது.

தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாலை சித்தப்பா அதை உறுதி செய்துவரப் பள்ளிக்குப் போயிருந்தார். மற்றவர்கள் காட்டில். நான் தனியே பதிகம் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். விருந்தினர் முன் இறைவணக்கம் பாடுவது நான்தான். அப்போது சன்னல் வழியே மேகம் வந்தது. தரையில் தவழ்ந்து, சுவரோரம் ஏறி, பெட்டியின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டது. நாற்பது துளைகளும் திறந்து கிடந்தன.

பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அம்மாவின் மெழுகு உருண்டையை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, ஒவ்வொரு துளையிலும் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினேன். நாற்பதும் முடிந்ததும் மேலே நீலம் பூசினேன். பெட்டியை மீண்டும் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்யும் திருப்பணிக்குப் பலன் மிகுதி என்று எங்கோ கேட்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே சித்தப்பா கணினியை ஓடவிட்டார். விருந்தினர் வரும்போது தடுமாறக் கூடாது என்பது அவர் எண்ணம். உள்ளே எழுந்த வெப்பம் போக வழியின்றி இரண்டு மணி நேரம் பெருகிக்கொண்டிருந்ததை யாரும் அறியவில்லை. நஞ்சைக் கண்டத்தில் அடக்கிய பெருமான் நமக்கெல்லாம் வாழ்வு தந்தான். வெப்பத்தை அடக்கிய அந்த எளிய பெட்டியால் அது இயலவில்லை.

தலைமையாசிரியர் ஓர் ஆசிரியையுடன் வந்தார். நான் கண்மூடிப் பாடினேன். பிழையே இல்லை. ஆசிரியை என் கன்னத்தைத் தொட்டுப் பாராட்டினார். சித்தப்பா திரையின் முன் தலைமையாசிரியரை அமர்த்தி, அவர் பெயரை அவரையே எழுதச் சொன்னார். மூன்று எழுத்துகள் விழுந்தன. அப்போது அந்த மணம் எழுந்தது.

"ஏண்டா, பொட்டிக்குள்ள தேன்கூடு கீது வெச்சிருக்கறயா?" என்று அப்பாரு கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கட்டைவிரலை மடக்கி மறைத்துக்கொண்டேன். அடுத்த நொடி மணம் கருகல் நாற்றமாயிற்று. திரை இருண்டது. பெட்டியின் இடுக்கிலிருந்து புகை ஒரு கோடாய்க் கிளம்பியது. சித்தப்பா பாய்ந்து மின்செருகியைப் பிடுங்கினார்.

"யாராச்சும் தொட்டீங்களா?" அவர் எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார். என்னைப் பார்த்தபோது நான் சொன்னேன்: "இல்லீங்க சித்தப்பா."

சொன்ன கையோடு கண்களை இறுக மூடிக்கொண்டு பிள்ளையாரை வேண்டினேன். பெட்டி பிழைக்க வேண்டும் என்று அல்ல. மெழுகை யாரும் கண்டுவிடக் கூடாது என்று.

"பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்க தம்பி, சின்னக் கோளாறா இருக்கும்" என்று தலைமையாசிரியர் சொல்வது கேட்டது. பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்தும் ஓசை வந்தது. பிறகு சித்தப்பாவின் குரல், மிக மெதுவாக: "வேண்டாங்க சார். எந் தப்புதானுங்க. சூட்ட வெளிய தள்ளற ஃபேனத் திருப்பி மாட்டிப்போட்டனாட்ட இருக்குது."

நான் கண் திறந்தபோது அவர் பெட்டியின் பின்பக்கத்தை மார்போடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு, தனியே மாட்டுக்கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் காப்பியை முழுதும் குடிக்காமலே எழுந்தார். ஃபேனைத் திருப்பி மாட்டுகிறவரிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று அவர் நினைத்திருந்தால் அதில் பிழை காண இயலாது.

விருந்தினர் போன பின் அப்பாரு டார்ச் விளக்கோடு கொட்டகைக்குள் நுழைந்தார். இதோ அகப்பட்டேன் என்று எண்ணியபடி நானும் பின்னால் போனேன். அவர் பெட்டியைத் திருப்பி வெளிச்சம் அடித்தார். நாற்பது துளைகளும் திறந்திருந்தன. ஒன்றில்கூட மெழுகில்லை.

"ஓட்டையெல்லாம் செரியாத்தான் உட்டிருக்கற. அப்பறம் எதுக்குடா வெந்துச்சு?"

"வேல தெரியாதவன் செஞ்சதுங்கப்பா" என்றார் சித்தப்பா. அவர் வெள்ளைச் சட்டையின் மார்பில் நீலத் தீற்றல் ஒன்று இருந்தது.

"செரி, கெளம்பு. வெள்ளிக்கெழம வண்டி" என்று அப்பாரு விளக்கை அணைத்தார்.

எனக்கோ மெய்சிலிர்த்தது. வேண்டினேன், மெழுகு மறைந்துவிட்டது. அடியார்க்கு நிகழ்ந்ததாய்க் கேட்டிருந்த அற்புதம் எங்கள் மாட்டுக்கொட்டகையிலேயே நிகழ்ந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான். துளைகளைச் சுற்றி என் நீலம் சிராய்ந்து போயிருந்தது. மறுநாள் சித்தப்பா பையில் துணி அடுக்கும்போது அவரிடம் போய் முறையிட்டேன்.

"எம் பெயிண்ட யாரோ சொரண்டிப்போட்டாங்க சித்தப்பா."

அவர் சட்டை மடிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "எலியாட்ட இருக்குது சாமி. தேன் வாசத்துக்கு வந்திருக்கும்."

எலி! பிள்ளையாரின் வாகனமே அல்லவா. என் வேண்டுதலுக்கு இரங்கி அவரே அனுப்பியிருக்கிறார். என் ஐயமெல்லாம் தீர்ந்தது.

அந்தப் பெட்டியில் அம்மா பல ஆண்டுகள் மிளகு போட்டு வைத்திருந்தாள். எனக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்த பின், ஒரு கோடையில் அதைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. துளைகளின் உட்புறத்தில் கத்திமுனை சுற்றிச் சுற்றி வந்த கீறல்கள் இருந்தன. பல் பட்ட தடம் எங்குமில்லை. மூலையில் இருந்த துளையின் ஓரத்தில் மட்டும், அவசரத்தில் விடுபட்ட சிறு மெழுகுத் துணுக்கு, என் கட்டைவிரல் ரேகையோடு ஒட்டியிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அமர்ந்திருந்தேன்.

சித்தப்பா இன்னும் வடக்கேதான் இருக்கிறார். ரிக் இரைச்சலில் ஒரு காது அடைத்துப் போயிற்று. பொங்கலுக்கு ஃபோன் பேசுவார். ஒருமுறை துணிந்து, "சித்தப்பா, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி..." என்று தொடங்கினேன். "எந்தப் பொட்டி கண்ணு? செரியாக் கேக்கலியே" என்றார். அது கேளாத காதா, கேட்க விரும்பாத காதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவரை வழியனுப்ப நான்தான் பஸ் நிறுத்தம்வரை போனேன். நிறுத்தத்தை ஒட்டி ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. அம்மா அவருக்கென்று கட்டித்தந்த வெல்ல உருண்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிள்ளையாரின் முன் வைத்தேன். கைகூப்பி, ஞாயிறு பாடிய அதே பதிகத்தை மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கினேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா. புள்ள சாமி கும்புடுது" என்றார் சித்தப்பா, எனக்குப் பின்னால் நின்றபடி.

பாடி முடித்ததும் அவர் கேட்டார்: "என்ன வேண்டிக்கிட்ட கண்ணு?"

"வேண்டலீங்க சித்தப்பா. நன்றி சொன்னனுங்க."

"நல்லாச் சொல்லு" என்றார்.

அவருக்கு முதுகைக் காட்டியபடியே, நான் இன்னொரு முறை பிள்ளையாரை விழுந்து கும்பிட்டேன். எழுந்து திரும்பியபோது பஸ் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.