பூட்டாமல் கிளம்பிய கேரவன்

என் தொழிலைச் சொல்லாமலே இதைச் சொல்லிவிட முடியுமா என்று பலமுறை பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "கொக்கி கழண்டிருச்சு, புது வண்டி இல்லையா" என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் தொழிலைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். நான் மலேசியாவில், பாசிர் கூடாங் துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக டிரெய்லரை மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை.

போன வருஷம் நானும் மனைவியும் ஒரு கேரவன் வாங்கினோம், வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். வார இறுதியில் வீடு வெறிச்சென்று கிடந்தது. மூவாரில் ஒரு பட்டறை இருக்கிறது. தளபாடம் செய்கிற ஊர் என்பதால் உள்ளே கட்டில், அலமாரி எல்லாம் அழகாகச் செய்து தருவார்கள். சாதாரண கேரவன் காரின் பின்னால் ஒரு குமிழில் மாட்டும். நாங்கள் கேட்டது வேறு ரகம். அதன் முன்பக்கம் பிக்கப்பின் சரக்குத் தட்டுக்கு மேலே வந்து உட்காரும். கேரவனின் அடியில் ஒரு தடித்த இரும்பு முளை, கிங்பின் என்போம். பிக்கப்பில் அதைக் கவ்விக்கொள்ள இரண்டு தாடை உள்ள வட்டத் தட்டு. என் டிரெய்லரில் இருக்கிற அதே அமைப்புதான், அளவில் சின்னது. அதைப் பார்த்ததும், "இது நம்ம ஆளு" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வண்டி எடுக்கப் போன நாள் காலை பத்து மணிக்கே பட்டறையில் இருந்தோம். ஒப்படைக்க வந்தவர் அங்கே மூத்த மெக்கானிக், என் வயதுள்ள மலாய்க்காரர். என்னை 'அபாங்' என்று கூப்பிட்டார், அண்ணன் என்கிற மாதிரி. "நிதானமா பார்க்கலாம், ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார்.

என் மனைவி எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் கியூசி, அதாவது தரச் சோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஏணியில் ஏறிக் கூரையின் விளிம்பில் பூசியிருந்த பசையை விரலால் தடவிப் பார்த்தாள். ஹோஸ் பைப்பைப் பிடித்து ஒவ்வொரு ஜன்னலிலும் தண்ணீர் அடிக்கச் சொன்னாள். மூன்றாவது ஜன்னலில் உள்பக்கம் நீர் கசிந்தது. மெக்கானிக் முகம் மலர்ந்துவிட்டது. "கக்காக், உங்க கண்ணு நல்ல கண்ணு" என்று மலாயில் அக்கா முறை வைத்துப் பாராட்டி, ரப்பரை மாற்றிக் கொடுத்தார். டயரில் காற்று, சக்கரத்து நட்டு, கேஸ் குழாய்க்கு சோப்புத் தண்ணீர் என்று இருவரும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பிக்கப்பின் கதவில் சாய்ந்துகொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் பொந்தியான் கடற்கரைக்குப் போய் முதல் ராத்திரியை அங்கே கழிப்பதாகத் திட்டம். மெக்கானிக் மாட்டும் முறையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் கையை உயர்த்தித் தடுத்தேன்.

"அபாங், இருபத்திரண்டு வருஷம் இதுதான் எனக்குச் சோறு. நானே மாட்டிக்கிறேன்."

மனைவி பட்டியலைப் பார்த்து, "மாட்டினதுக்கு அப்புறம் டார்ச் அடிச்சு உள்ள பார்க்கணும்னு போட்டிருக்குங்க" என்றாள்.

"இது என்ன உன் ஃபேக்டரி சர்க்கிட் போர்டா? லென்ஸ் வச்சுப் பார்க்கப் போறியா?" என்றேன். மலாயிலும் சொன்னேன், அங்கே நின்றவர்கள் சிரிக்க வேண்டும் என்று. இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிக்கப்பைப் பின்னால் எடுத்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. அது போதும் என்று இறங்கி, கேரவனைத் தாங்கி நின்ற முன்கால்களை மடக்கினேன். கடைசியாகப் பூட்டுப் பிடியில் ஒரு துளை இருக்கும், அதில் ஒரு சின்னப் பின்னைக் குத்த வேண்டும். குத்திப் பார்த்தேன், போகவில்லை. இரண்டு முறை அழுத்தினேன். புதுசு, பெயிண்ட் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். தாடை முழுசாக மூடினால்தான் பிடி உள்ளே போகும், பிடி உள்ளே போனால்தான் துளை நேராகும். இது எனக்குத் தெரியாதா? புதிதாகச் சேருகிற டிரைவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து ஒருமுறை முன்னால் இழுத்துப் பார் என்பதும் நான் சொல்லிக் கொடுக்கிறதுதான். ஆனால் பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி கால்களை இறக்கி, பின்னால் எடுத்து, முதலிலிருந்து மாட்டினால் என்ன நினைப்பார்கள்? பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பின் குத்தி ஆச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு. ஏறு."

அரை மணி நேரம் ஓடினோம். ஒரு பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு, ஏற்றம். பச்சை விழுந்ததும் கிளப்பினேன். பின்னால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிக்கப் துள்ளியது. கண்ணாடியில் பார்த்தால் கேரவன் என்னோடு வரவில்லை. பிக்கப்பின் பின்கதவைப் பிய்த்துக்கொண்டு மூக்கு தரையில் குத்தி நின்றது. கழன்றால் தானாகப் பிரேக் போடுகிற ஒரு கம்பி அதில் உண்டு. அதை மறக்காமல் பிக்கப்போடு மாட்டிவிட்டிருந்தது மெக்கானிக். அது இழுபட்டதால்தான் கேரவன் ஏற்றத்தில் பின்னால் உருளாமல் நின்றது.

நின்றாலும் பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் ஒதுங்கப் பார்த்து, மணலில் சறுக்கிச் சாலையோர வாய்க்காலில் விழுந்துவிட்டது. தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். மூவார்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியின் சீருடை. இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப் போய் நின்றதும் நிமிர்ந்து, "அங்கிள், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் கூடிவிட்டார்கள். "புது வண்டியா? யார் மாட்டினது?" என்று ஒருவர் கேட்டார். வாய் தானாகச் சொன்னது: "பட்டறைக்காரன். அவன் சரியா மாட்டல."

மனைவி அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தன் துப்பட்டாவால் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. தலையைத் திருப்பவில்லை. ஆம்புலன்சில் அந்தப் பெண்ணோடு அவளே ஏறிப் போனாள். நான் போலீஸ் நிலையத்துக்குப் போய் அதே பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி துவைக்க என் சட்டையை எடுத்தாள். பையில் கைவிட்டு அந்தப் பின்னை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"பட்டறையில என்னை வச்சு நாலு பேரைச் சிரிக்க வச்சீங்க, அது போகட்டும். ஆச்சான்னு கேட்டேன். ஆச்சுன்னீங்க. அதை நம்பித்தானே பக்கத்துல ஏறி உட்கார்ந்தேன்?"

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். தட்டைத் தள்ளி வைத்தேன். அன்றே லீவு சொல்லிவிட்டு மூவாருக்குக் கிளம்பினேன். அவளும் வந்தாள்.

பட்டறையில் மெக்கானிக் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் எங்களுடையது போலவே ஒரு வட்டத் தட்டு, கழற்றிப் போட்டபடி. தாடைகளை அளவுகோலால் அளந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தார். போலீஸ் விசாரித்ததிலிருந்து வண்டி ஒப்படைக்கிற வேலையை முதலாளி அவரிடமிருந்து எடுத்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அபாங், தட்டு போல்ட்டை நான் சரியா முறுக்கினேன்னுதான் நினைக்கிறேன். எங்க தப்புன்னு இன்னும் தெரியல" என்றார். மன்னிப்புக் கேட்கிற தொனி.

மூன்று நாளாக அந்த மனுஷன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பின் போகாதது, பையில் போட்டது, சாலையில் சொன்னது, எழுதிக் கொடுத்தது எல்லாம். மலாய் வார்த்தைகள் தடுமாறின. அவர் அளவுகோலைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

கடைசியில் சொன்னார்: "நீங்க இழுத்துப் பார்க்காம கிளம்பினதை நான் பார்த்தேன். கூப்பிடலாம்னு ரெண்டு அடி வச்சேன். இருபத்திரண்டு வருஷம்னு சொன்னீங்களே. எனக்கு மாலு ஆயிடுச்சு, சொல்லல."

மாலு என்றால் வெட்கம், கூச்சம். என் அலட்டலுக்குக் கூச்சப்பட்டு அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். முதலாளியிடம் போய் என் வாயாலேயே சொன்னேன். பிறகு போலீஸ் நிலையம். "பூட்டாதது நான்தான்" என்று இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். சார்ஜெண்ட் முதல் தாளையும் இரண்டாவதையும் அருகருகே வைத்துப் படித்தார். "உங்க லைசென்ஸ் என்ன வகை?" என்று கேட்டார். கனரக டிரெய்லர் லைசென்ஸ் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சம்மன் வரும் என்றார். வந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது கையில் மாவுக்கட்டு. பொய் சொன்னதையும் சொன்னேன். "பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியல அங்கிள். கை வலிக்குது" என்றாள். அப்படிச் சொல்லாததே நல்லது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதுவும் எனக்குப் பெருமை தேடுகிற பேச்சாகிவிடும் என்று பட்டது. தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன். இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மனைவி இன்னும் அவளோடு ஃபோனில் பேசுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் உள் அறைக்குப் போய்ப் பேசுவாள்.

கேரவனைச் சரிபண்ணி வாங்க நான்கு மாதம் ஆனது. ஒப்படைத்தது அதே மெக்கானிக்தான், வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. என்னை இப்போது 'என்சிக்' என்கிறார், ஐயா என்கிற மரியாதை. அபாங் என்று ஒருமுறைகூட வரவில்லை. அவர் சொன்னபடி அடியில் குனிந்து டார்ச் அடித்து, தாடை மூடியிருப்பதைப் பார்த்து, இழுத்தும் பார்த்தேன். எல்லாம் முடிந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். மனைவி ஏறவில்லை. டார்ச்சை மெக்கானிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். நான் சாவியைத் திருகாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஏறிக் கதவைச் சாத்தி பெல்ட்டை மாட்டினாள்.

"போலாம்" என்றாள்.